காகிதத்தில் 96, தரையில் 89

மண் இறுக்கச் சோதனையின் கணக்கை நான் தப்பாகப் போட்டதால் எனக்கும் என் கூட்டாளிக்கும் சேர்த்து 2,15,500 தென்னாப்பிரிக்க ராண்ட் போனது. ஒன்பது நாள் வேலை கூடுதலாக ஆனது, மூன்று மாதம் நான் வீட்டுக்குப் பணம் அனுப்பவில்லை. கல்லூரியில் இதே சோதனையைச் செய்து நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். சைட்டில் அது எப்படிக் காலை வாரும் என்று ஒருவராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். அதனால் எண்களை மறைக்காமல் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

டர்பனுக்கு வடக்கே, மவுண்ட் எட்ஜ்கோம்ப் தாண்டி, ஒரு காலத்தில் கரும்பு நின்ற மேட்டில் கிடங்கு ஒன்று வருகிறது. அதற்குத் தளம் போடும் மண் வேலையை நானும் ஓர் உள்ளூர் அண்ணனும் சேர்ந்து எடுத்தோம். நான் திருநெல்வேலிப் பக்கம், வேலைக்காக இங்கே வந்தவன். அவர் இங்கேயே ஐந்தாம் தலைமுறை. 1860-இல் தொடங்கி கப்பல் கப்பலாக நெட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வம்சம். தமிழில் பேசத் தொடங்கினால் நாலு வார்த்தைக்குள் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார், ஆனால் என்னைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். வண்டி, ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. அளவு, சோதனை, கணக்கு என் பொறுப்பு. தளம் 60 மீட்டருக்கு 40 மீட்டர், நான்கு லேயர், ஒவ்வொன்றும் இறுகிய பின் 150 மில்லிமீட்டர். ஒவ்வொரு லேயரும் மாட் ஆஷ்டோ அடர்த்தியில் 95 சதவீதம் வரவேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் இந்த ‘மாட் ஆஷ்டோ’வை முதலில் புரிந்துகொள்ளுங்கள். மண்ணை ஓர் அச்சில் போட்டுத் திமிசால் (இடிக்கும் எடையால்) இடித்து, அதிகபட்சம் எவ்வளவு அடர்த்திக்கு இறுகும் என்று பார்க்கும் லேப் சோதனை இது. தரையில் வரும் அடர்த்தியை அதோடு வகுத்துத்தான் சதவீதம் சொல்கிறோம். 1933-இல் அமெரிக்காவில் பிராக்டர் என்ற பொறியாளர் சொன்ன சோதனையில் திமிசு இலேசானது, அடியும் குறைவு. பிறகு விமான ஓடுபாதைகளுக்காக அதைக் கனமாக்கினார்கள். நம் ஊர் இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 2720-இல் பகுதி 7 இலேசான சோதனை (2.6 கிலோ திமிசு, 310 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும்). பகுதி 8 கனமானது (4.9 கிலோ, 450 மில்லிமீட்டர்). தென்னாப்பிரிக்காவில் பேச்சே கனமானதைப் பற்றித்தான். சுமார் 4.5 கிலோ திமிசு, 457 மில்லிமீட்டர், ஐந்து அடுக்கு, அடுக்குக்கு 55 அடி. ஊரில் இலேசான பிராக்டரில் 95 எடுத்துப் பழகிய கை, இங்கே கனமான 95 கேட்கும்போது அதே எண்தானே என்று நினைத்துவிடும். அதே மண்ணுக்கு இந்த 95 கூடுதல் அடர்த்தியைக் கேட்கிறது. இந்த இடத்தில் நான் தடுமாறவில்லை. அதுவே எனக்கு, இதில் எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தையும் கொடுத்துவிட்டது.

இங்கே ஏன் இவ்வளவு கறார் என்றால், டர்பன் மேடுகளில் பல இடங்களில் அடியில் இருப்பது பெரியா சிவப்பு மணல். களி கலந்தது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும், தண்ணீர் இறங்கினால் பலத்தை விட்டு அமர்ந்துவிடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், சரிவுகள் வீடுகளோடு இறங்கின. அதைப் பார்த்தவர்களிடம் “ஒரு சதவீதம்தானே குறைகிறது” என்று யாரும் பேச முடியாது.

முதல் இரண்டு லேயர்களை நவம்பரில் முடித்தோம். ரோலர் எட்டுத் தடவை போய்வந்தது. நானே குழி வெட்டி, அதில் மணல் ஊற்றிக் குழியின் கொள்ளளவைக் கண்டுபிடிக்கும் முறையில் சோதனை செய்தேன். 97 வந்தது. டிசம்பர் நடுவில் இங்கே கட்டுமான வேலை எல்லாம் மொத்தமாக மூடிவிடுவார்கள், ஜனவரி இரண்டாம் வாரம் பக்கம்தான் திறப்பார்கள். நானும் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். சோதனைக்கான மணல் சைட் கன்டெய்னரில், மூடி சரியாகப் போடாத டப்பாவில் இருந்தது. டர்பனின் டிசம்பர் எப்படி என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, துணி காயாது. திரும்பி வந்ததும் அந்த மணலைக் கையில் அள்ளிப் பார்த்தேன். ஈரமாகத் தெரியவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது லேயருக்கு மண் வந்தபோது ஆறாவது தடவையிலேயே ஒரு சோதனை செய்து பார்த்தேன். 96.1 வந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அண்ணனிடம் ஓடிப்போய், “அண்ணா, ஆறு தடவை போதும், டீசல் மிச்சம்” என்றேன். அவர் ரோலர் போன தடத்தைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, மண்ணு கலர் வேற மாதிரி இருக்கே?” என்று கேட்டார். குவாரியில் லீவுக்குப் பிறகு வேறு பக்கம் வெட்டுகிறார்கள், அதே ஜி5 மண்தான் என்றேன். ‘ஜி5’ என்பது இங்கே மண்ணைத் தரம் பிரிக்கும் பெயர். ஒரே தரத்துக்குள் அடர்த்தி வேறுபட்ட மண்கள் எத்தனையோ இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த நேரம் 96.1 என்ற எண்ணை விட எனக்கு மனமில்லை. நான்காவது லேயரையும் ஆறு தடவையில் முடித்துவிட்டோம்.

ஆலோசகரின் லேப்பிலிருந்து வந்து, கதிர்வீச்சைக் கொண்டு மண்ணின் அடர்த்தியையும் ஈரத்தையும் அளக்கும் நியூக்ளியர் கேஜ் வைத்தார்கள். நான்கு இடம். 88.7, 89.9, 90.2, 89.4. எனக்கு உடம்பெல்லாம் சூடானது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாதாடினேன். அந்தக் கருவி ஈரத்தை நியூட்ரான் வைத்து, ஹைட்ரஜனைக் கொண்டு அளக்கிறது. களியோடு பிணைந்த நீரையும் ஈரமாக எண்ணிவிடும், அதனால் உலர் அடர்த்தி குறைவாகக் காட்டும் என்றேன். நான் சொன்னது பொய்யில்லை, அப்படி நடப்பதுண்டு. ஆனால் ஆறு, ஏழு சதவீத வித்தியாசத்தை அது விளக்காது என்று என் மனசுக்கே தெரிந்திருந்தது. லேப் டெக்னீஷியன், ஜூலு பெண், என்னைவிட வயதில் சின்னவர், பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. கேஜ் வைத்த இடத்துக்கு அரையடி தள்ளித் தானே குழி வெட்டி, மணல் ஊற்றி, வெட்டிய மண்ணை மூடிய டப்பாவில் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அடுப்பில் காயவைத்த எடையோடு வந்தார். 89.6.

அன்று இரவு நான் தூங்கவில்லை. வீட்டிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. அண்ணனிடம் சொல்லவும் ஒரு நாள் பிடித்தது. அவமானம், வேறென்ன. ஒரு நாள் மறைத்ததில் அந்த நாளுக்கான கிரேடர் (மண்ணை நிரவும் வண்டி) வாடகையும் சேர்ந்து போனது. தவறு தெரிந்த அன்றைக்கே கூட்டாளியிடம் சொல்லிவிடுங்கள், அன்றைக்குச் சொன்னால் வாடகைக்கு எடுத்த வண்டியையாவது திருப்பி அனுப்பலாம்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணிடமே போய், என் தாளைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, இளக்காரமும் இல்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் தாளில் இருந்தது இதுதான். ஜாடியில் முதலில் இருந்த மணல் 7,500 கிராம். ஊற்றிய பிறகு மிச்சம் 3,560. ஆக, இறங்கியது 3,940. இதில் ஜாடியின் வாயிலுள்ள கூம்புக்குள் நிற்கும் மணல் 1,510, அதைக் கழித்தால் குழிக்குள் போனது 2,430 கிராம். மணலின் அடர்த்தி 1.43. இரண்டையும் வகுத்தால் குழியின் கொள்ளளவு 1,699 கன செ.மீ. குழியிலிருந்து வெட்டிய ஈர மண் 3,570 கிராம். ஈர அடர்த்தி 2.101. ஈரம் 10.4 சதவீதம். 2.101-ஐ 1.104-ஆல் வகுத்தால் உலர் அடர்த்தி 1.903. லேப் கொடுத்த அதிகபட்ச உலர் அடர்த்தி 1.98. 1.903-ஐ 1.98-ஆல் வகுத்தால் 96.1. வகுத்தல், கழித்தல் எல்லாம் சரி. எந்தக் கால்குலேட்டரில் போட்டாலும் இதே விடைதான் வரும்.

அவர் முதலில் விரல் வைத்தது 10.4-இல். “இது எங்கிருந்து வந்தது?” ஸ்பீடி கருவியிலிருந்து என்றேன். ஒரு சின்ன குடுவைக்குள் மண்ணையும் கால்சியம் கார்பைடையும் போட்டுக் குலுக்கினால், ஈரத்தோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயு வரும், அழுத்தம் முள்ளில் தெரியும். ஐந்து நிமிஷ வேலை. அந்த முள் காட்டுவது ஈர மண்ணின் எடைக்கு எத்தனை சதவீதம் நீர் என்பதை. நம் சூத்திரத்துக்கு வேண்டியதோ காய்ந்த மண்ணின் எடைக்கு எத்தனை சதவீதம் என்பது. 10.4-ஐ, 100-இல் 10.4 போக மிச்சமுள்ள 89.6-ஆல் வகுக்கவேண்டும். 11.6 வருகிறது. உலர் அடர்த்தி 1.883 ஆகிறது, சதவீதம் 95.1. ஒரே வரியில் ஒரு சதவீதம் போய்விட்டது. இந்தப் பிழை எனக்கு நவம்பரிலிருந்தே இருந்திருக்கிறது. எட்டுத் தடவை ரோலர் போனதால் முதல் இரண்டு லேயர்கள் தாங்கிவிட்டன. ஸ்பீடி வைத்திருப்பவர்கள் அதன் மூடியிலேயே இந்த மாற்றுக் கணக்கை எழுதி ஒட்டிவிடுங்கள். இன்னொன்று, குடுவைக்குள் போடுவது 20 கிராம் அளவு மண். கல் கலந்த மண்ணுக்கு 20 கிராம் எந்த மூலைக்கு? பெரிய மாதிரி எடுத்து, 105 டிகிரி அடுப்பில், எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்த எண்ணோடு வாரத்துக்கு ஒருமுறையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து அவர் கேட்டது, “1.43 எப்போது அளந்தது?” அக்டோபரில், புது மூட்டை பிரித்தபோது. அவர் தன் வண்டியிலிருந்து கொள்ளளவு தெரிந்த டப்பாவை எடுத்துவந்து, என் மணலை அதே கூம்பு வழியே அதில் ஊற்றி, மேலே வழித்து எடைபோட்டார். 1.38. லீவு முழுக்க டப்பாவில் கிடந்த மணல் ஈரம் குடித்திருந்தது. இலேசாக ஈரமான மணல் துகளோடு துகள் ஒட்டி, நடுவில் காற்று விட்டு உப்பலாக உட்காரும். குழி நிறையக் குறைந்த எடை மணலே போதும். அந்தக் குறைந்த எடையை நான் பழைய 1.43-ஆல் வகுக்க, குழி சின்னதாகத் தெரிந்தது. குழி சின்னதானால் மண் கனமாகத் தெரியும். 2,430-ஐ 1.38-ஆல் வகுத்தால் 1,761 கன செ.மீ. ஈர அடர்த்தி 2.027. உலர் அடர்த்தி 1.816. 91.7 சதவீதம். மூன்றரை சதவீதம் ஒரே அடியில் போனது, அதுவும் கையில் அள்ளிப் பார்த்து ஈரமில்லை என்று நான் முடிவு செய்த மணலில். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அந்தப் பெண் பார்க்காத மாதிரி இருந்தார். மணல் விஷயத்தில் எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. நீங்கள் ஊற்றும்போது பக்கத்தில் ரோலர் அதிர்வோடு ஓடினால் மணல் குலுங்கி அதிகமாக இறங்கும், நல்ல லேயரும் தோற்றதாகக் காட்டும். ஊற்றும் இரண்டு நிமிஷம் ரோலரை நிறுத்தச் சொல்லுங்கள், டிரைவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. குழியிலிருந்து திரும்ப எடுத்த மணலைச் சலித்து, காயவைத்து, மறுபடி அளக்காமல் ஜாடியில் போடாதீர்கள்.

கடைசியாக 1.98. அண்ணன் காலால் மிதித்துக் கேட்ட கேள்வி இங்கேதான் வந்து நின்றது. லேப் எங்கள் மூன்றாவது லேயரிலிருந்தே மாதிரி எடுத்து மாட் ஆஷ்டோ போட்டிருந்தது. அதிகபட்ச உலர் அடர்த்தி 2.03, அதற்கான ஈரம் 8.6 சதவீதம். பழைய மண்ணுக்கு 1.98, 9.8. புது மண்ணில் கல் கூடுதல், அதனால் அடர்த்தி கூடுதல், தேவைப்படும் நீர் குறைவு. 1.816-ஐ 2.03-ஆல் வகுத்தேன். 89.5. அவர்கள் எண்ணோடு நேராக வந்து உட்கார்ந்தது. இந்தச் சோதனையில் நம் கவனம் முழுக்கக் குழியில்தான் இருக்கும், ஏனென்றால் வேர்வை சிந்துவது அங்கே. கீழே வகுக்கும் எண் எப்போதோ யாரோ தட்டச்சு செய்து கொடுத்த தாளில் இருக்கும், அது எந்த மண்ணுக்கு என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொரு கொடுமை, 11.6 ஈரத்தை நான் 10.4 என்று நம்பி, பழைய 9.8-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று வாட்டர் கார்ட்டை நிறுத்தவே இல்லை. உண்மையில் புது மண்ணுக்கு வேண்டியதைவிட மூன்று சதவீதம் தண்ணீர் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு பழைய தாள்களை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது லேயரில் ஓர் இடத்தில் உலர் அடர்த்தி 2.09, அதாவது 105.6 சதவீதம் என்று பெருமையாகக் கட்டம் கட்டி வைத்திருந்தேன். ஈரத்தைத் திருத்தினால் 11.6, உலர் அடர்த்தி 2.07. அப்படி ஒரு மண் உலகத்தில் இருக்க முடியாது. மண் துகளின் சொந்த அடர்த்தி 2.65 என்று வைத்துக்கொண்டால், 1-ஐ 2.07-ஆல் வகுத்ததிலிருந்து 1-ஐ 2.65-ஆல் வகுத்ததைக் கழித்தால் 0.106 வரும். துகள்களுக்கு நடுவே காற்றே இல்லாமல் நீர் நிறைந்தாலும் 10.6 சதவீதத்துக்கு மேல் அங்கே இடமில்லை. 11.6 எங்கே போய் உட்காரும்? குழி வெட்டும்போது மண் சிதறி உள்ளே விழுந்து குழி சுருங்கியதோ, எடை தப்பாக எழுதினேனோ, இப்போது சொல்ல முடியாது, ஏனென்றால் அந்தத் தாளில் ஈரத்தையும் சதவீதத்தையும் அடர்த்தியையும் மட்டும்தான் எழுதியிருந்தேன். ஜாடி எடைகள் இல்லை. இந்த ஒரு கழித்தல் ஒரு நிமிஷ வேலை. அதிகமான எண் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் இதைப் போட்டுப் பாருங்கள். தாளில் ஜாடி எடை, கூம்பு மணல், மணல் அடர்த்தி அளந்த தேதி, ஈர மண் எடை, காய்ந்த எடை, வகுக்கும் எண் எந்த மாதிரிக்கு என்பது எல்லாவற்றையும் எழுதுங்கள். விடையை மட்டும் எழுதிவைத்தால் பிறகு உங்களாலேயே உங்களைக் காப்பாற்ற முடியாது.

மூன்றாவது, நான்காவது லேயர்களைக் கிளறிப் பிரித்து, காயவிட்டு, மறுபடி போடவேண்டும் என்று எழுத்தில் வந்தது. நடுவில் இரண்டு நாள் மழை. கிரேடர், ரோலர், வாட்டர் கார்ட் ஒன்பது நாள் வாடகை 1,18,000. டீசல் 31,000. சேறாகிப்போன பகுதிக்குப் புது மண் 24,000. மறுசோதனைக் கட்டணம் 17,500. தாமதத்துக்கு ஐந்து நாள் அபராதம் 25,000. இரண்டாவது லேயரையும் திறந்து பார்த்தார்கள், 95.4 வந்து தப்பித்தது. அண்ணன் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. பாதிப் பாதி என்று மட்டும் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

மறுபடி போடும்போது முதலில் பத்து மீட்டர் நீளத்துக்கு மட்டும் ஒரு துண்டு போட்டோம். நாலு, ஆறு, எட்டு, பத்துத் தடவைக்கு ஒவ்வொரு சோதனை. எட்டில் 94.6 வந்தது. பழைய நானாக இருந்தால் 95 என்று எழுதியிருப்பேன். பத்தில் 96.3. லேப்பின் கேஜும் அதே இடத்தில் 96-க்குக் கொஞ்சம் மேலே காட்டியது. பத்து என்றே வைத்துக்கொண்டோம். குவாரி லாரியில் மண்ணின் நிறமோ கல்லின் அளவோ மாறினால் அந்த லாரியைத் தனியாகக் கொட்டச் சொல்லி, ஒரு மூட்டை மாதிரி லேப்புக்கு அனுப்புகிறேன். முடிவு வர இரண்டு, மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் வேறு மூலையில் வேலை வைத்துக்கொள்கிறோம்.

அந்தக் கொள்ளளவு டப்பா மாதிரியே ஒன்று கடைசல் பட்டறையில் செய்து வாங்கி பக்கியில் (பிக்கப் வண்டிக்கு இங்கே அந்தப் பெயர்) போட்டிருக்கிறேன். மணல் இப்போது இறுக்கமான மூடி போட்ட வாளியில், கன்டெய்னரில் இல்லாமல் என் அறையில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை சைட்டுக்கு வந்ததும் அண்ணன் குட் மார்னிங் சொல்வதற்கு முன்னால், “தம்பி, மண்ணு அளந்தாச்சா?” என்று கேட்பார். மணலைத்தான் அவர் மண்ணு என்கிறார். போன திங்கட்கிழமை 1.42.